டொரொண்டோ பக்கம் முதல் குளிர்காலம்: மூக்கடைப்பும் அந்தச் சின்ன பாட்டிலும்

கனடாவுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஜாக்கெட், பூட்ஸ், சின் நம்பர் (வேலைக்கும் வரிக்கும் அரசு தரும் எண்) என்று எல்லாவற்றையும் ஆளாளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மூக்கைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. வீட்டில் ஹீட்டர் முழு வேகத்தில் ஓடத் தொடங்கியதும் காற்று வறண்டு, காலையில் எழும்போதே மூக்கு அடைத்து, நெற்றி கனத்து, கன்னம் வலிக்கும். ஊரில் என்றால் தெருமுனை மெடிக்கலில் சொன்னால் நாலு மாத்திரை கத்தரித்துக் கொடுப்பார், கூடவே கேட்காமலேயே ஒரு ஆன்டிபயாட்டிக். ராத்திரி நொச்சி போட்டு ஆவி, நெற்றியில் நீர்க்கோவை மாத்திரைப் பற்று. அதிலும் தீராவிட்டால் சாயங்காலம் இ.என்.டி. டாக்டரிடம் டோக்கன் போட்டு அன்றைக்கே பார்த்துவிடலாம்.

இங்கே அது நடக்காது. பி.ஆரில், அதாவது நிரந்தரமாகத் தங்கும் அனுமதியில் வந்தவர்கள், வந்த வாரமே ஓஹிப் அட்டைக்கு (டொரொண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாண அரசின் மருத்துவக் காப்பீடு) விண்ணப்பியுங்கள், பழைய மூன்று மாதக் காத்திருப்பை 2020-இல் எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஓஹிப் கிடையாது, கல்லூரிக் காப்பீடுதான். குடும்ப மருத்துவர் கிடைக்கும்வரை, அப்பாயின்ட்மென்ட் இல்லாமல் நேரே போய் உட்காரும் வாக்-இன் கிளினிக்தான். இ.என்.டி.யிடம் போக அவர்கள் எழுதிக் கொடுக்க வேண்டும், அதற்கப்புறமும் மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். 811-ஐ அழைத்தால் நர்ஸ் ஒருவர் இலவசமாகப் பேசுவார். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

என் அக்கா பையன் டொரொண்டோ பக்கத்து பிராம்ப்டனில் ஒரு பேஸ்மென்ட் அறையில் தங்கிப் படிக்கிறான். கிளம்பும்போது அக்கா பெட்டியில் பருப்புப்பொடிக்கும் ஊறுகாய்க்கும் நடுவில் மூக்கில் அடிக்கிற ஸ்பிரே பாட்டில்களைத் திணித்து அனுப்பினாள். சளி பிடித்ததும் அடித்தான், சில நிமிடத்தில் மூக்கு பளிச்சென்று திறந்தது. மறுபடி அடைத்தது, மறுபடி அடித்தான். பொங்கல் வருவதற்குள் ஜாக்கெட் பையில் ஒன்று, தலையணைக்கு அடியில் ஒன்று என்று ஆகிவிட்டது. ஃபோன் செய்தால் "இந்த ஊர் க்ளைமேட் ஒத்துக்கலை சித்தி" என்பான். அக்கா அங்கிருந்து "தலைக்கு ஊத்தாதேடா" என்பாள்.

க்ளைமேட்டும் இல்லை, தலைக்குக் குளித்ததும் இல்லை. அடைப்பே அந்த பாட்டிலால்தான். சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் என்று லேபிளில் இருக்கும் ஸ்பிரேக்கள் மூக்குக்குள் வீங்கியிருக்கும் சதையின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. மருந்தின் வேகம் போனதும் குழாய்கள் விரிகின்றன. சில நாள் விடாமல் அடித்தால் அந்த வீக்கம் முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும், அதை அடக்க மறுபடி ஸ்பிரே. மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள், அதற்கு மேல் தொடக் கூடாது. இங்கே சீட்டில்லாமல் அலமாரியிலேயே கிடைப்பதால் சாதாரண மருந்து என்று நினைத்துவிடுகிறோம். எச்சரிக்கை அட்டைப்பெட்டியில் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எறும்பு சைஸில் இருக்கிறது, யார் படிக்கிறார்கள்?

முதலில் போன கிளினிக்கில் ஐந்து நிமிடத்தில் வைரஸ் சளி, ஓய்வெடு என்று அனுப்பிவிட்டார்கள். மூக்கில் என்ன போடுகிறாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கு இன்னும் அந்தக் கோபம் போகவில்லை. நடுவில் மேல் கடைவாய்ப் பல் வலி என்று பல் டாக்டரிடம் போய்க் கைக்காசை இழந்ததுதான் மிச்சம், பல்லில் ஒன்றுமில்லை. கன்னத்து சைனஸுக்கு (எலும்புக்குள் இருக்கும் காற்றறை) நேர் கீழேதான் மேல் பற்களின் வேர் இருக்கிறது, அதன் வலி பல்வலி மாதிரியே தெரியும். கடைசியில் கண்டுபிடித்தது பார்மசி கல்லாவில் நின்ற பெண். திரும்பத் திரும்ப அதே பாட்டிலை வாங்குகிறானே என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

விட்டதும் லேசில் இல்லை. மருத்துவர் சொன்னபடி ஒரு பக்க மூக்கில் மட்டும் முதலில் நிறுத்தினான், அது தெளிந்த பிறகு அடுத்த பக்கம். கூடவே ஃப்ளூட்டிகசோன் ஸ்டீராய்டு ஸ்பிரே. இது வேறு ஜாதி மருந்து, உடனே திறக்காது, முழுப் பலன் தெரியச் சில நாள் ஆகும். தலையைக் குனிந்து, மூக்கின் நடுத்தண்டில் படாமல் காதுப் பக்கமாகச் சாய்த்து அடிக்க வேண்டும்.

அப்புறம் உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. முகத்தில் நான்கு ஜோடி சைனஸ் உண்டு: கன்னம், நெற்றி, கண்களுக்கு நடுவே, அதற்கும் பின்னால் ஒன்று. கன்னத்து அறைக்குக் குடம் மாதிரி வாய் மேலே இருக்கிறது, அதனால் சளி தானாக வடியாது, உள்ளே இருக்கும் நுண்ணிய ரோமங்கள்தான் மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். காற்று வறண்டால் சளி கெட்டியாகி அந்த வேலை மந்தமாகிவிடும். உப்புநீர் அதற்கு நல்ல உதவி, ஆனால் குழாய்த் தண்ணீரை நேராக மூக்கில் விடாதீர்கள். குடிக்கலாம் என்பது வேறு. 2024-இல் கேரளத்தில் மூளையைத் தின்னும் அமீபா என்று செய்தி வந்ததே, அது மூக்கு வழியாகத்தான் ஏறும். அரிது என்றாலும் ஒரு நிமிடம் கொதிக்க வைத்து ஆறவிடுங்கள், இல்லையென்றால் காய்ச்சி வடித்த தண்ணீர் (டிஸ்டில்டு வாட்டர்) கேனில் கிடைக்கும்.

பேஸ்மென்ட் வாடகைக்குப் பார்க்கிறவர்கள் கார்பெட்டை முகர்ந்து பாருங்கள், ஃபர்னஸ் (வீட்டைச் சூடாக்கும் இயந்திரம்) ஃபில்டர் எப்போது மாற்றினீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள், முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிவையுங்கள், 30-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் ஆசையை அடக்குங்கள். மூடிய அறையில் மூக்குக்கும் ஆகாது, அலாரமும் அலறும். ஆகஸ்ட் பாதியில் தொடங்கும் தும்மல் பெரும்பாலும் ராக்வீட் என்ற களைச்செடியின் மகரந்தம். ஒவ்வாமை மூக்கொழுகலுக்கு ஒன்டாரியோவில் 2023 ஜனவரியிலிருந்து பார்மசிஸ்டே மருந்து எழுதலாம்.

ஆன்டிபயாட்டிக் தரவில்லை என்று டாக்டரிடம் சண்டை போட வேண்டாம். சளி பச்சையாக வந்தால் பாக்டீரியா என்று அர்த்தமில்லை. பத்து நாள் தாண்டியும் குறையாமல் இருந்தால், அல்லது குறைந்து மறுபடி ஏறினால், அப்போது திரும்பப் போய்க் கேளுங்கள். கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிவது, கடும் காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, இதில் எது வந்தாலும் வாக்-இன் வரிசையில் உட்காராதீர்கள், நேரே எமர்ஜென்சிக்குப் போங்கள், மாணவர்கள் காப்பீட்டு அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டு.