சுவிட்சை அணைத்த பின்னும் எல்இடி பல்பு மினுங்கினால்: ஃபேஸ், நியூட்ரல் சரிபார்க்கும் முறை

எங்கள் வீட்டு மாடிப்படியில், சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு இரவெல்லாம் மங்கலாக ஒளிர்ந்தது. இரண்டு பல்புகளை மாற்றிய பின்புதான் குறை வயரிங்கில் இருப்பது தெரிந்தது. சுவிட்ச் துண்டித்துக்கொண்டிருந்தது நியூட்ரலை (மின்சாரம் திரும்பிச் செல்லும் கம்பி). துண்டித்திருக்க வேண்டியது ஃபேஸை (மின்சாரம் வரும் கம்பி). இப்படிப்பட்ட இணைப்பில், விளக்கு அணைந்திருந்தாலும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும்.

முதலில் அதே போர்டில் உள்ள மூன்று துளை பிளக் பாயிண்டைப் பாருங்கள். மேலே உள்ள பெரிய துளை எர்த், வலப்புறம் ஃபேஸ், இடப்புறம் நியூட்ரல். சுவிட்சைப் போட்டு டெஸ்டரை வைக்கும்போது இடத்துளையில் எரிந்தால், பெரும்பாலும் போர்டுக்கு வரும் இணைப்பே மாறியிருக்கும். அதை உரிமம் பெற்ற வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

வலத்துளையில் எரிந்தால், ஹோல்டரைச் சோதிக்க வேண்டும். எம்சிபியை (அந்த விளக்குக்கு வரும் மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச்) இறக்கிப் பல்பைக் கழற்றுங்கள். விளக்குச் சுவிட்சை அணைத்தபடியே வைத்து எம்சிபியை ஏற்றி, ஹோல்டரின் இரு முனைகளிலும் டெஸ்டரை வையுங்கள். எந்த முனையிலாவது பளிச்சென்று எரிந்தால் சுவிட்ச் நியூட்ரலில் இருக்கிறது.

நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். டெஸ்டரின் நியான் விளக்கு எரிய, நம் உடல் வழியாக மிகச் சிறிய மின்னோட்டம் தரைக்குச் செல்ல வேண்டும். ரப்பர் செருப்போடு பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்றதால் அது மிக மங்கலாகவே எரிந்தது. பகல் வெளிச்சத்தில் அதுவும் தெரியாமல், மின்சாரம் இல்லையென்று நம்பி விரலை வைத்தேன். தோள்பட்டை வரை இழுத்த அந்த அதிர்ச்சிக்குப் பிறகு டெஸ்டரை மட்டும் நான் நம்புவதில்லை.

15 வாட் குண்டு பல்பு பொருத்திய டெஸ்ட் லாம்ப்பையே பரிந்துரைக்கிறேன். அதன் ஒரு கம்பியைப் பிளக் பாயிண்டின் நியூட்ரலிலும், காப்பிட்ட முனையுள்ள மற்றொன்றை ஹோல்டர் முனையிலும் வைத்தால் சந்தேகத்துக்கு இடமிருக்காது.

பின்சேர்க்கை: டெஸ்ட் லாம்ப்பின் கம்பியை நியூட்ரலுக்குப் பதில் எர்த் துளையில் வைத்ததும் ஆர்சிசிபி (மின்சாரம் எர்த்துக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) விழுந்துவிட்டதாக இதைப் படித்த சிலர் எழுதியிருந்தார்கள். 15 வாட் பல்பு ஏறத்தாழ 65 மில்லி ஆம்பியர் இழுக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும் ஆர்சிசிபி விழுவதே சரி.

திருத்தும்போது மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் போர்டைத் திறக்க வேண்டும். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த் என்பது வழக்கம். எங்கள் போர்டில் ஃபேஸ், நியூட்ரல் இரண்டுமே சிவப்பாக இருந்ததால், டேப் ஒட்டி எழுதிக்கொண்ட பிறகே மாற்றினேன். ஃபேஸ் சுவிட்சுக்கும், நியூட்ரல் நேரே ஹோல்டருக்கும் செல்ல வேண்டும்.

இணைப்பு சரியாக இருந்தும் மினுங்கினால், சுவிட்சில் சிறு இண்டிகேட்டர் விளக்கு உள்ளதா என்று பாருங்கள். அதன் வழியே கசியும் மின்னோட்டமே எல்இடியை ஒளிரவைக்கப் போதும். இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றினால் நின்றுவிடும்.