வெளிநாட்டுக்குக் கைடு புத்தகத்தை நம்பிப் போகலாமா? கன்னியாகுமரியில் இருந்தே சோதித்துப் பார்க்கும் முறை

நம் மாவட்டத்தில் வெளிநாடு என்றால் பெரும்பாலும் வேலைக்குப் போவதுதான். விசா, டிக்கெட், தங்குமிடம் எல்லாவற்றையும் கம்பெனியோ ஏஜெண்டோ பார்த்துக்கொள்வார்கள். சும்மா சுற்றிப் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்புகிறவர்களும் இப்போது கூடியிருக்கிறார்கள். இலங்கை, சிங்கப்பூர், தாய்லாந்து, சர்ச்சில் இருந்து சேர்ந்து போகும் புனித நாட்டுப் பயணம் என்று பட்டியல் நீளும். முதல் தடவை போகிறவர்கள் கைடு புத்தகம் பற்றிப் பேசும்போது இரண்டில் ஒன்று சொல்வார்கள். "போன் இருக்கும்போது புத்தகம் எதற்கு?" அல்லது, "புத்தகத்திலேயே போட்டிருக்கான், தப்பாவா இருக்கும்?"

ரெண்டுமே சரியில்லை. புத்தகத்தில் பாதி பத்து வருடம் கெடாத விஷயம், மீதி அச்சாகி வரும்போதே பழசாகிப்போன விஷயம். எது எது என்று பிரிக்கத் தெரிந்தால் போதும். ஒரு சாயங்காலமும் ஒரு பென்சிலும் இருந்தால் வீட்டிலேயே பிரித்துவிடலாம்.

படி 1: அட்டையை விடுங்கள், பதிப்பு விவரத்தைப் பாருங்கள்

அட்டையில் "முழுவதும் புதுப்பிக்கப்பட்டது" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னாலோ கடைசியிலோ பொடி எழுத்தில் பதிப்பு விவரம் இருக்கும். எத்தனையாவது பதிப்பு, எந்த ஆண்டு என்று பாருங்கள். பதிப்பு வேறு, மறு அச்சு வேறு. 2019 பதிப்பை 2024-ல் மறுபடி அச்சடித்திருந்தால், உள்ளே இருப்பது 2019 சரக்குதான். எழுதுகிறவர் அந்த நாட்டைச் சுற்றி, எழுதிக் கொடுத்து, அது எடிட் ஆகி, அச்சாகிக் கடைக்கு வரப் பல மாதம் ஆகிவிடும். அதனால் போட்டிருக்கும் ஆண்டில் இருந்து இன்னும் ஒன்றைக் கழித்துக்கொள்வது நல்லது. 2020-க்கு முந்தைய பதிப்பு என்றால் ஹோட்டல், சாப்பாட்டுக் கடைப் பக்கங்களைப் புரட்டவே வேண்டாம். கொரோனாவில் மூடிய கடைகள் ஏராளம்.

ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 2023 வாக்கில் இருந்து, கம்ப்யூட்டரே எழுதித் தள்ளிய கைடு புத்தகங்கள் விற்பனைக்கு வந்து குவிகின்றன. அட்டை அழகாக இருக்கும். உள்ளே வரைபடம் இருக்காது, பஸ் நம்பர் இருக்காது, "இந்த நகரம் உங்களை மயக்கும்" என்கிற மாதிரி வரிகள்தான் இருக்கும். எழுதியவர் யார், வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று தேடிப் பாருங்கள். ஒன்றும் அகப்படவில்லை என்றால் வாங்காதீர்கள்.

படி 2: அதே பதிப்பகம் நம்ம ஊரைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது?

இந்த முறையில் முக்கியமான படி இதுதான். தாய்லாந்துப் புத்தகம் சரியா தப்பா என்று, தாய்லாந்தையே பார்க்காத ஒருவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் பெரிய பதிப்பகங்கள் இந்தியாவுக்கோ தென்னிந்தியாவுக்கோ தனிப் புத்தகம் போட்டிருப்பார்கள். அதில் கன்னியாகுமரிக்கு ஒன்றிரண்டு பக்கமாவது இருக்கும். நூலகத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் ஆன்லைன் கடையில் காட்டும் மாதிரிப் பக்கங்களைப் பாருங்கள். அந்தப் பக்கத்தைத் திருத்த உங்களைவிடத் தகுதியான ஆள் லண்டனிலும் கிடையாது.

முதலில் விவேகானந்தர் பாறையைப் பாருங்கள். 2024 டிசம்பர் 30-ல் பாறைக்கும் திருவள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளத்தில் கண்ணாடிப் பாலம் திறந்தார்கள். அதற்கு முன்பு சிலைக்குத் தனியாகப் படகு போக வேண்டும், கடல் கொந்தளித்தால் சிலைக்குப் படகே கிடையாது. புத்தகம் பாலத்தைச் சொல்லவில்லை என்றால் அது பழசு, அவ்வளவுதான். எழுதியவர் மேல் தப்பில்லை.

அடுத்து பத்மநாபபுரம் அரண்மனை. தக்கலைக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு மண்ணில் இருக்கிறது, நிர்வாகம் கேரள அரசுடையது, திங்கட்கிழமை விடுமுறை. இந்த மூன்றும் ஒரே வரியில் சரியாக வந்திருந்தால் எழுதியவர் நேரில் வந்து விசாரித்திருக்கிறார் என்று நம்பலாம். அரண்மனையைத் தூக்கிக் கேரளாவில் வைத்திருந்தால் என்ன அர்த்தம்? 1956 நவம்பர் 1-ல் நம் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த விஷயம் இன்னும் அவருக்குத் தெரியவில்லை. இது பழைய தகவல் இல்லை, அலட்சியம்.

நாகர்கோவிலுக்கு வாருங்கள். ரயிலுக்குச் சந்திப்பு, டவுன் என்று இரண்டு நிலையம். பஸ்ஸுக்கு வடசேரி, மீனாட்சிபுரம் என்று இரண்டு. எது எங்கே இருக்கிறது என்று பிரித்துச் சொல்கிற புத்தகம், நீங்கள் போகிற ஊரிலும் இப்படிப்பட்ட சிக்கலைப் பிரித்துச் சொல்லும். "நாகர்கோவிலில் இருந்து பஸ் வசதி உண்டு" என்று முடித்துக்கொண்டால், அங்கேயும் அப்படியேதான் முடித்திருப்பார்கள்.

கடைசியாக அஸ்தமனம். கன்னியாகுமரியில் சூரியன் கடலில் மறைவதைப் பார்க்கலாம் என்று எல்லாப் புத்தகமும் எழுதும். எந்த மாதத்தில் என்று எழுதியிருக்கிறதா? ஜூன் மாதம் சூரியன் வடமேற்கே ஒதுங்கிக் கரைப் பக்கமாக இறங்கிவிடும். அதைக் குறிப்பிட்ட புத்தகம் என் கண்ணுக்குத் தங்கம்.

இப்போது உங்கள் பென்சில் குறிப்புகளைப் பாருங்கள். தவறுகளை எண்ண வேண்டாம், இரண்டாகப் பிரியுங்கள்: காலத்தால் வந்த தவறு, அலட்சியத்தால் வந்த தவறு. முதல் வகை எத்தனை இருந்தாலும் புதுப் பதிப்பு வாங்கினால் தீரும். இரண்டாம் வகை நாலைந்து கண்ணில் பட்டால் அந்தப் பதிப்பகத்தையே விட்டுவிடலாம். இந்தியாவுக்கு எழுதியவர் வேறு, தாய்லாந்துக்கு எழுதியவர் வேறு என்பது உண்மைதான். ஆனால் எழுதி வந்ததை ஒருவர் உட்கார்ந்து சரிபார்க்கிறாரா இல்லையா என்பது பதிப்பகத்தின் பழக்கம், அது நாட்டுக்கு நாடு அவ்வளவாக மாறாது. 2008-ல் பெரிய பதிப்பகம் ஒன்றின் எழுத்தாளர், கொலம்பியா புத்தகத்துக்கு எழுதியபோது அந்த நாட்டுக்கே போகவில்லை என்று சொன்னது பெரிய செய்தியானது. அவர் எழுதியது வரலாற்றுப் பகுதி மட்டும், அதற்காகப் போகச் சொல்லவே இல்லை என்றது பதிப்பகம். இருக்கலாம். ஆனாலும் நம்ம ஊர்ப் பக்கத்தைப் படித்துப் பார்ப்பதில் நஷ்டம் ஒன்றும் இல்லையே.

படி 3: புத்தகம் யாரிடம் பேசுகிறது என்று பாருங்கள்

ஆங்கிலத்தில் வரும் கைடுகளில் பெரும்பாலானவை அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக எழுதியவை. சிங்கப்பூருக்கு விசா வேண்டாம் என்று அதில் இருந்தால் அது அவர்களுக்கு. இந்திய பாஸ்போர்ட்டில் போகிறவர் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். எழுதியது தப்பில்லை, உங்களுக்கு எழுதவில்லை.

விசாவோடு முடிவதில்லை. அமெரிக்கக்காரர் ஜப்பான் போனால் அவருடைய இரண்டு தட்டைக் கம்பி பிளக் பெரும்பாலும் அங்கே அப்படியே பொருந்தும். அதனால் அடாப்டர் பற்றி அவருடைய புத்தகம் அலட்டிக்கொள்ளாது. நம் உருண்டைக் கம்பி பிளக் அங்கே நுழையாது. மின்சாரமும் 100 வோல்ட், நம்முடையது 230. "மலிவான தங்குமிடம்" என்பது டாலர் சம்பளத்துக்கு மலிவு. "காரம் அதிகம், ஜாக்கிரதை" என்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். "ஏப்ரலில் வெயிலும் புழுக்கமும் தாங்காது" என்று பாங்காக்கைப் பற்றி எழுதியிருப்பதை மார்த்தாண்டத்துக்காரர் எப்படி எடுத்துக்கொள்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

படி 4: பென்சிலால் பக்கத்தைப் பிரியுங்கள்

நீங்கள் போகிற ஊருக்கான பக்கங்களை மட்டும் எடுங்கள். கெடாத விஷயத்தை அப்படியே விடுங்கள். கெடும் விஷயத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள்.

ஊரின் அமைப்பு, வரலாறு, மழைக்காலம், கோயிலில் எப்படி நடந்துகொள்வது, டிப்ஸ் கொடுப்பதா வேண்டாமா போன்றவை கெடாதவை. சுசீந்திரத்தில் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும் என்பதை எந்த வருடத்துப் புத்தகத்தில் படித்தாலும் சரிதானே. பாங்காக் அரண்மனையில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும் என்பதும் அப்படித்தான். புனித நாட்டுக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் நேரத்தில் இருந்து சனிக்கிழமை இருட்டும் வரை ஓய்வுநாள் என்று இஸ்ரேலில் பெரும்பாலான பஸ், ரயில் ஓடாது என்பதைப் பழைய புத்தகத்தில் படித்தாலும் நம்பலாம். போனில் தேடியிருந்தால் கேட்கவே தோன்றியிருக்காத கேள்வி இது. புத்தகத்தின் பெரிய பலமே, நமக்குக் கேட்கத் தெரியாததையும் சொல்லி வைப்பதுதான்.

கேள்விக்குறி போட வேண்டியவை விலை, நேரம், ரயில், பஸ், ஹோட்டல், விசா. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 200 இலங்கை ரூபாய். மே மாதம் 360-ஐத் தொட்டது. 2021-ல் அச்சான இலங்கைப் புத்தகத்தின் விலைப் பட்டியல் அந்த இரண்டு மாதத்தில் குப்பைக்குப் போனது. ஜப்பானில் வெளிநாட்டுக்காரர்களுக்கான ஏழு நாள் ரயில் பாஸ் 29,650 யென்னாக இருந்து, 2023 அக்டோபரில் 50,000 யென் ஆனது. முன்பெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொன்னார்கள், இப்போது கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். டோக்கியோவின் சுகிஜி மீன் மொத்தச் சந்தை 2018-ல் டொயோசுவுக்கு இடம் மாறியது. சுற்றியிருந்த சில்லறைக் கடைகள் மட்டும் பழைய இடத்திலேயே இருக்கின்றன. குளச்சல்காரர் மீன் சந்தை பார்க்கக் கிளம்பினால் எந்தச் சந்தை என்று முதலில் தெரிந்துகொண்டு கிளம்ப வேண்டும்.

படி 5: கேள்விக்குறிகளை ஒவ்வொன்றாக அழியுங்கள்

விசாவுக்கு அந்த நாட்டு அரசின் இணையதளமோ தூதரகமோ மட்டும்தான். வேறு யார் சொன்னாலும் கேட்காதீர்கள், நான் சொன்னாலும். தாய்லாந்தில் இறங்கி 2,000 பாட் கட்டி விசா வாங்கிக்கொண்டிருந்தோம். 2023 நவம்பரில் அது தேவையில்லை என்றார்கள். அதே டிசம்பரில் மலேசியாவும் விசா வேண்டாம் என்றது. 2025 மே 1 முதல் தாய்லாந்துக்கு டிஜிட்டல் வருகை அட்டை நிரப்பிவிட்டுப் போக வேண்டும். டிக்கெட் போடும் முன் ஒரு தடவை, கிளம்பும் வாரத்தில் ஒரு தடவை பாருங்கள். சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் வருகை அட்டை இலவசம். காசு கேட்கும் தளம் அரசுத் தளம் இல்லை.

அருங்காட்சியகம், அரண்மனை போன்றவற்றின் நேரத்துக்கு அந்தந்த இடத்தின் சொந்தத் தளம். கடைகளுக்கு கூகுள் மேப்பில் விமர்சனங்களைப் புதியதில் இருந்து வரிசைப்படுத்தி, கடைசி மாதத்தில் யாராவது சாப்பிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அப்புறம் நம்மிடம் மட்டும் இருக்கிற ஒரு வசதி. நம் மாவட்டத்தில் பல வீடுகளில் வெளிநாட்டில் ஒரு சொந்தக்காரர் இருப்பார். புத்தகப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். கோலாலம்பூரில் இருந்து வரும் ரயில் சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்தில் நிற்கும் என்று ஒரு பழைய புத்தகத்தில் இருந்த பக்கத்தை, அங்கே இருக்கும் சித்தப்பா மகனுக்கு அனுப்பினேன். "எண்ணே, அந்த ஸ்டேஷன மூடிப் பல வருசமாச்சு" என்று உடனே வாய்ஸ் மெசேஜ் வந்தது. 2011 ஜூன் மாதத்தோடு அந்த நிலையத்துக்கு ரயில் வருவது நின்றுவிட்டது. ஆனால் சொந்தக்காரரிடம் எதைக் கேட்பது என்று ஒரு அளவு வேண்டும். பஸ், சிம் கார்டு, நம்ம சோறு கிடைக்கும் இடம் எல்லாம் அவருக்கு அத்துப்படி. பத்து வருடம் துபாயில் இருந்தும் அருங்காட்சியகப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் நிறையப் பேர், லீவு கிடைத்தால்தானே.

படி 6: கனமான புத்தகத்தைத் தூக்காதீர்கள்

தேவையான பக்கங்களைப் போனில் படம் எடுங்கள். வரைபடமும் தங்குமிட முகவரியும் இருக்கும் பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துப் பையில் வையுங்கள், சார்ஜ் தீர்ந்தாலும் அது இருக்கும். முகவரி அந்த நாட்டு எழுத்திலேயே அச்சாகியிருந்தால் டாக்சிக்காரரிடம் நீட்டினால் போதும்.

படி 7: போன இடத்தில் புத்தகமா, பலகையா, ஆளா?

வாசலில் தொங்கும் பலகையும் புத்தகமும் முரண்பட்டால் பலகைதான் சரி. ஆளும் புத்தகமும் முரண்பட்டால் அவசரப்படாதீர்கள். பாங்காக்கில் பெரிய அரண்மனைக்குப் பக்கத்தில், நன்றாக உடுத்திய ஒருவர் மரியாதையாக வந்து "இன்றைக்கு அரண்மனை மூடியிருக்கிறது, வேறு கோயில் காட்டுகிறேன்" என்று துக்துக் ஆட்டோவில் ஏற்றிவிடுவார். வண்டி போய் நிற்பது ரத்தினக்கல் கடையில். பல வருடமாக நடக்கும் ஏமாற்று இது, கைடு புத்தகங்களும் பல வருடமாக எச்சரிக்கின்றன. இங்கே பழைய புத்தகம்தான் ஜெயிக்கும். நன்றி சொல்லிவிட்டு வாசல் வரை நடந்து போய்ப் பலகையைப் பாருங்கள்.

புத்தகம் பெயர் சொல்லிப் புகழ்ந்த சாப்பாட்டுக் கடையில் கூட்டமும் விலையும் ஏறியிருக்க வாய்ப்பு உண்டு. கடையை விட்டுவிட்டு, அது இருக்கும் தெருவை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஊர்க்காரர்கள் எந்தக் கடையில் நிற்கிறார்களோ அங்கே போய் நில்லுங்கள்.

திரும்பி வந்ததும் முதல் பக்கத்தில் நீங்கள் போன மாதமும் வருடமும் எழுதி, அடுத்துப் போகிறவரிடம் புத்தகத்தைக் கொடுங்கள். பென்சில் குறிப்புகளை அழிக்க வேண்டாம், அவருக்கு அதுதான் புதுப் பதிப்பு. பதிப்பகத்துக்கும் தவறுகளை எழுதி அனுப்பலாம், பலர் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அனுப்பும்போது பத்மநாபபுரம் எந்த மாநிலத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.