கல்லூரிக் கால்பந்து அணிக்குப் புதிய தலைமைப் பயிற்சியாளர்: முதல் பருவத்தை நடத்தும் முறை

தருமபுரிப் பகுதிக் கல்லூரி ஒன்றின் கால்பந்து அணிக்கு நீங்கள் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தால், எந்த வியூகத்தில் ஆடுவது என்று யோசிப்பதற்கு முன் பேருந்து நேரங்களைக் கேட்டறியுங்கள். பென்னாகரம், பாலக்கோடு, அரூர் பக்கத்து ஊர்களிலிருந்து வரும் மாணவரால் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் நிற்க இயலாது. மாலையிலும் ஊருக்குச் செல்லும் பேருந்தைத் தவறவிட அவர் துணியமாட்டார். ஆகவே, வகுப்பு முடிந்தவுடன் தொடங்கிச் சரியாக ஒன்றேகால் மணி நேரத்தில் முடியும் பயிற்சியே எல்லோரையும் ஒன்றுசேர்க்கும்.

முதல் இரண்டு வாரங்களில் யாருடைய இடத்தையும் மாற்றாதீர்கள். பழைய பயிற்சியாளரிடம் ஆடிப் பழகிய மூத்த வீரர்களை அவரவர் இடத்திலேயே ஆடவிட்டுக் கவனியுங்கள்.

அதன்பின் தடுப்பாட்டத்தைக் கட்டுங்கள். தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் போட்டியில் ஒரே தோல்வி ஓராண்டு உழைப்பை முடித்துவிடும் என்பதால், கோல் வாங்காத அணிக்கே அடுத்த நாள் உண்டு என்பது என் உறுதியான கருத்து. தடுப்பாட்டக்காரர் நால்வரின் இடுப்பிலும் ஏறக்குறைய எட்டு மீட்டர் இடைவெளியில் ஒரு கயிற்றைத் தளர்வாகக் கட்டி, பந்து இடப்புறம் போனால் நால்வரும் இடப்புறம், வலப்புறம் போனால் வலப்புறம் என மெதுநடையில் நகரச் செய்யுங்கள். ஒருவர் தங்கிவிட்டால் கயிறே இழுத்து உணர்த்தும். அந்த அசைவு பழகியபின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, பந்தோடும் எதிராளிகளோடும் அதையே வேகமாகச் செய்ய வையுங்கள்.

நம் பக்கத்துச் செம்மண் மைதானம் இறுகினால் பந்து உயரமாக எழும்பும். நெடுந்தூரம் தூக்கி அடிக்கும் பந்து வீரருக்கு எட்டாமல் ஓடிவிடும் என்பதால், காலுக்குக் கொடுக்கும் குறும் பாஸ்களையே பழக்குங்கள். பயிற்சிக்கு முன் அனைவரும் வரிசையாக நடந்து கற்களைப் பொறுக்குவதும் அவசியம், ஏனெனில் சறுக்கி விழும் முழங்காலுக்கு மருந்து தேடுவதைவிட அது எளிது.

ஆட்டம் சமனில் முடிந்தால் அணிக்கு ஐந்து பெனால்ட்டி என்ற நிலை வரலாம். பதினொரு மீட்டர் தொலைவிலிருந்து அடிக்கும் அந்த உதையைப் பயிற்சியின் இறுதியில், கால்கள் சோர்ந்திருக்கும்போதே பழக்கி, ஐவரின் வரிசையை முன்கூட்டியே முடிவு செய்துவிடுங்கள்.

இறுதி அணிப் பட்டியலை ஒட்டுவதற்கு முந்தைய மாலையே, இடம் கிடைக்காத ஒவ்வொருவரையும் தனியே அழைத்துக் காரணத்தை நேரில் சொல்லுங்கள்.