ஜெர்மன் ஆய்வகத்தில் பன்னிரண்டு வாரங்கள்: பயனுறக் கழிப்பது எப்படி?

இந்தியாவில் அறிவியலும் பொறியியலும் பயிலும் மாணவர்கள் கோடையில் இரண்டு, மூன்று மாதங்கள் ஜெர்மனியில் தங்கி ஆய்வுப் பயிற்சி பெறுவதற்கு, ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் ‘வைஸ்’ உதவித்தொகை வழிசெய்கிறது. உதவித்தொகை கிடைத்தவுடன் எல்லாம் முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் அந்த மூன்று மாதங்களை ஊர் சுற்றிய நினைவுகளோடும் ஒரு சான்றிதழோடும் முடித்துக்கொள்வது மிக எளிது. ஓர் ஆய்வில் உண்மையாகவே பங்கெடுத்துத் திரும்புவதற்குத்தான் திட்டம் தேவை.

முதலில் நாட்காட்டியைப் பாருங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் கோடைப் பருவ வகுப்புகள் பெரும்பாலும் ஏப்ரலில் தொடங்கி ஜூலையில் முடிந்துவிடும். ஆகஸ்டில் ஆய்வகத்தினர் பலர் விடுமுறையில் சென்றுவிடுவர். ஆகவே, உங்கள் கல்லூரித் தேர்வுகள் இடம்கொடுத்தால் மே மாதத்திலேயே சென்று சேர்வது நல்லது. பன்னிரண்டு வாரம் என்பது 84 நாட்கள். ஜெர்மனி உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் வரம்பு 180 நாட்களுக்குள் 90 நாட்கள். வந்திறங்கும் நாளும் புறப்படும் நாளும் அந்தக் கணக்கிலேயே சேரும். பயிற்சி முடிந்தபின் பாரிஸையும் ரோமையும் பார்த்துவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டுக்கொள்வது நல்லது.

அழைப்புக் கடிதம் தந்தவர் பேராசிரியராக இருந்தாலும், உங்களை அன்றாடம் வழிநடத்தப்போகிறவர் பெரும்பாலும் அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒருவராகத்தான் இருப்பார். இதைப் புரிந்துகொள்ள ஒரு மாதம் எடுத்துக்கொள்பவர்கள், பயிற்சியின் மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடுகிறார்கள். அவருக்குத் தம் ஆய்வேட்டை முடிக்கும் நெருக்கடி இருக்கும். உங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் அவர் தம் வேலையிலிருந்துதான் பிய்த்துத் தருகிறார். எனவே, வாரத்திற்கு ஒருமுறை அரை மணி நேரம் என்று முதல் வாரத்திலேயே கேட்டு உறுதிசெய்துகொண்டு, அந்தச் சந்திப்புக்கு என்ன செய்தோம், எங்கே தடைப்பட்டோம் என்பதை ஒரே பக்கத்தில் எழுதி எடுத்துச் செல்லுங்கள்.

நம் வகுப்பறைகளில் கேள்வி கேட்காமல் தலையாட்டுவதையே பணிவு என்று பழகியிருக்கிறோம். அங்கே அது பணிவாகத் தோன்றாது. “புரிந்தது” என்று சொன்னால் புரிந்துவிட்டதாகவே எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். ஒரு சிக்கலோடு அரை நாள் போராடியும் வழி தெரியவில்லையென்றால், இதுவரை முயன்றவற்றைச் சொல்லிக் கேட்டுவிடுவதே முறை. ஒரு வாரம் மறைத்து வைத்திருந்துவிட்டு, கருவி இயங்கவில்லை என்று சொல்வதைத்தான் அவர்கள் குறையாகக் கருதுவார்கள்.

முதல் சில நாட்கள் பாதுகாப்புப் பயிற்சி, சாவி, கணினிக் கணக்கு ஆகியவற்றிலேயே கழிந்துவிடும். பாதுகாப்புப் பயிற்சி பெற்றதாகக் கையெழுத்திடாமல் வேதியியல் ஆய்வகங்களில் வேலை செய்ய விடமாட்டார்கள். அந்த நேரத்தில் அந்தக் குழுவில் அண்மையில் முடிக்கப்பட்ட ஒரு முதுநிலை ஆய்வேட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். ஆய்விதழ்க் கட்டுரைகளில் வெற்றி பெற்ற சோதனை மட்டுமே இருக்கும். எந்தக் கரைசல் கெட்டுப்போனது, எந்த அளவீடு மூன்று முறை தவறியது என்பன போன்ற செய்திகள் மாணவர் ஆய்வேடுகளில்தான் கிடைக்கும். அதைப் படித்த பின்பு, உங்களுக்குத் தரப்பட்ட பெரிய தலைப்பிலிருந்து ஆறு வாரத்தில் விடை காணக்கூடிய ஒரு சிறு கேள்வியை வழிகாட்டியோடு பேசிப் பிரித்தெடுங்கள். எஞ்சும் வாரங்களைச் சோதனைகளின் தோல்விகளே விழுங்கிவிடும்.

ஆய்வகக் குறிப்பேட்டில் நாளிட்டு, தோற்ற முயற்சிகளையும் சேர்த்து எழுதுங்கள். குறிப்பேடு பொதுவாக ஆய்வகத்திலேயே தங்கிவிடும். ஜெர்மன் ஆய்வு நிதியமான டி.எஃப்.ஜி.யின் நெறிமுறை, மூலத் தரவுகளைப் பொதுவாக 10 ஆண்டுகள் பாதுகாக்கச் சொல்கிறது. தரவுகளின் படியை எடுத்துச் செல்வதற்கும், ஒரு வரைபடத்தை உங்கள் விண்ணப்பத்தில் பயன்படுத்துவதற்கும் முன்னதாக அனுமதி கேளுங்கள்.

மதிய உணவுக்குக் குழுவினர் பல்கலைக்கழக உணவகமான மென்சாவுக்குச் சேர்ந்து போவார்கள். அறையில் சமைத்த புளிச்சோற்றைத் தனியே உண்பதில் தவறில்லை. ஆனால் எந்தப் பேராசிரியர் மாணவர்களைத் தேடுகிறார் என்பது போன்ற செய்திகள் அந்த மேசையில்தான் பேசப்படும்.

கடைசி இரண்டு வாரங்களில் புதிய சோதனை எதையும் தொடங்காதீர்கள். கணினி நிரல்களுக்கு விளக்கக் கோப்பு எழுதுங்கள். மாதிரிகளின் மீது பெயரும் நாளும் ஒட்டுங்கள். குழுக் கூட்டத்தில் பேச 15 நிமிடம் கேட்டுப் பெறுங்கள். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திடுபவர் பேராசிரியர். ஆனால் அதில் என்ன எழுதலாம் என்று அவர் கேட்கப்போவது உங்கள் அன்றாட வழிகாட்டியிடம்தான். ஆகையால் கடிதம் வேண்டுமென்பதை ஊர் திரும்புமுன் இருவரிடமும் நேரிலேயே சொல்லிவிடுங்கள். அக்டோபரில் உங்கள் வேலையைத் தொடர்பவர், ஒரு கோப்பு திறக்கவில்லை என்று மின்னஞ்சல் அனுப்பக்கூடும். பருவத்தேர்வு நடந்துகொண்டிருந்தாலும் அன்றே பதில் எழுதுங்கள்.