தட்டில் பதிந்துவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள்

சர்ச்சைக்குள்ளான இயற்பியல் ஆய்வு எதைப் பற்றிப் பேசினாலும் கூட்டத்தில் ஒருவர் "கண்ணு ஏமாத்தும், போட்டோ ஏமாத்துமா?" என்று கேட்டுவிடுவார். முதல் தவறே அதுதான்.

1903-ல் பிரான்சின் நான்சி நகரில் ரெனே ப்ளோந்லோ என்ற பேராசிரியர் எக்ஸ் கதிர்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒரு சின்ன மின்பொறி வழக்கத்தைவிடக் கொஞ்சம் பிரகாசமாகத் தெரிகிறதே என்று பார்த்து, இது புதுக் கதிர் என்று முடிவுகட்டி, ஊர்ப் பெயரின் முதலெழுத்தால் 'N கதிர்' (என்-கதிர்) என்று பெயரும் வைத்துவிட்டார். இருட்டில் மங்கலான ஒளி கூடுவதும் குறைவதும் கண்ணின் வேலை என்று ஜெர்மனியில் லும்மர் என்ற இயற்பியலாளர் மறுத்தார். அப்போது ப்ளோந்லோ தரப்பு காட்டிய துருப்புச்சீட்டு ஒளிப்படத் தட்டுகள் (ஃபிலிம் மாதிரி ஒளி பட்டால் படம் பதிகிற கண்ணாடித் தட்டுகள்): கதிர் பட்டபோது எடுத்த பொறி பளிச்சென்று இருக்கும், படாதபோது எடுத்தது மங்கல். இரண்டும் ஒரே தட்டில்தான், ஒரே டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனத்தில், ஒன்றாகவே கழுவியது. இதைவிட என்ன வேண்டும்?

1904-ல் நேரில் போய்ப் பார்த்த அமெரிக்கர் ராபர்ட் வுட் (பின்னாளில் அகச்சிவப்பு ஒளியில் படமெடுத்துப் பெயர் வாங்கியவர்) தட்டை விட்டுவிட்டு அதை நகர்த்துகிற கையைக் கவனித்தார். ஐந்து விநாடிக்கு ஒருமுறை தட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றித் தள்ளி, எக்ஸ்போஷரைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். தள்ளுகிறவருக்கோ எது கதிர் பட்ட பக்கம் என்று தெரியும். அவரையறியாமலே ஒவ்வொரு முறையும் அரை விநாடி கூடினாலும் பத்து சதவீத வெளிச்சம் அதிகம். போதாக்குறைக்கு அந்தப் பொறியும் சீராக எரிவதில்லை. ஒன்றாகக் கழுவியதால் கழுவுவதில்தான் பாரபட்சம் இல்லை, வெளிச்சம் காட்டியதில் இருக்கலாம். வுட் இருட்டில் கருவியின் முப்பட்டகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துவிட்ட பிறகும் அவர்கள் கதிர் தெரிகிறது என்றே சொன்ன கதையை எல்லாரும் சொல்வார்கள், ஆனால் எனக்கு இந்த ஐந்து விநாடிதான் பெரிய பாடம். ப்ளோந்லோவை மோசடிக்காரர் என்று திட்டுவதும் தவறு. அவர் உண்மையாகவே நம்பினார்.

அடுத்த தவறு, டெவலப் செய்வதை வெறும் எடுபிடி வேலையாக நினைப்பது. அணுவைவிடச் சிறிய துகள்களின் தடத்தைப் பிடிக்கிற தட்டுகளில் எமல்ஷன், அதாவது படம் பதிகிற பூச்சு, தடிமனாக இருக்கும். டெவலப்பர் மேலிருந்து ஊறி அடிக்குப் போய்ச் சேர்வதற்குள் மேற்பகுதி கறுத்தே போய்விடும். ஆனால் தடத்திலுள்ள வெள்ளி மணிகளை எண்ணித்தானே கடந்துபோன துகளின் நிறையைக் கணக்கிட வேண்டும்? 1948-ல் டில்வொர்த், ஒக்கியாலினி, பெய்ன் என்ற ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: டெவலப்பரை நன்றாகக் குளிரவைத்து ஊறவிடு, குளிரில் அது அதிகம் வேலை செய்யாது, அடிவரை இறங்கியதும் சூடேற்று, எல்லா ஆழத்திலும் ஒன்றாக வேலை தொடங்கும். சாதாரண யோசனைதான், ஆனால் இது இல்லாமல் மேலே ஒரு கணக்கு, கீழே ஒரு கணக்கு வரும்.

இங்கேயே இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொல்கத்தாவின் இயற்பியலாளர்கள் பிபா சௌத்ரியும் டி.எம். போஸும் டார்ஜிலிங் பக்கத்து மலைகளில் மாதக்கணக்கில் தட்டுகளை வைத்து, எலக்ட்ரானைப் போல ஏறத்தாழ 200 மடங்கு நிறையுள்ள துகளின் தடங்களைக் கண்டு, 1940-களின் தொடக்கத்திலேயே 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். ஆனால் இதே போலத் தட்டுகளில் துகள்களைக் கண்ட பிரிட்டனின் செசில் பவலுக்குத்தான் 1950-ல் நோபல் கிடைத்தது. "பரிசைப் பறித்துவிட்டார்கள்" என்று கோபப்படுவதோடு நிறுத்திக்கொள்கிறோம். போர்க்காலத்தில் இவர்களுக்கு நல்ல தட்டே கிடைக்கவில்லை, பவல் குழுவிடமோ மேம்பட்ட எமல்ஷன் இருந்தது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் கதை முழுசாகும்.

கடைசியாக, அவசரம். 1975-ல் அமெரிக்க இயற்பியலாளர் பி.பி. பிரைஸின் குழு, பலூனில் பறக்கவிட்ட பிளாஸ்டிக் தாள்களை, துகள் போன வழி குழியாகத் தெரிவதற்காகக் காஸ்டிக் சோடாவில் அரித்து எடுத்தபோது கிடைத்த ஒரே ஒரு தடத்தை வைத்து ஒற்றைக் காந்தமுனை (வடமுனையோ தென்முனையோ ஒன்று மட்டுமே உள்ள துகள்) கிடைத்துவிட்டது என்று அறிவித்தது. பிளாட்டினம் அணுக்கரு ஒன்று வழியில் உடைந்து உடைந்து போயிருந்தாலும் அதே மாதிரிக் குழிகள்தான் விழும் என்று இன்னொரு அமெரிக்க இயற்பியலாளர் அல்வாரெஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். பிரைஸும் பிறகு பின்வாங்கினார்.