ஐபிஎம் 1401-ஐக் கழற்றிப் பத்திரப்படுத்துவது

1959-ல் வந்த ஐபிஎம் 1401 கணினியைப் பிரிக்கும் நாளில் முதலில் பத்திரப்படுத்த வேண்டியது காகிதக் கட்டுகளை. லாஜிக் வரைபடங்கள், பராமரிப்புக் கையேடுகள், துளையட்டைக் கட்டுகள்: இடத்தைக் காலி செய்பவர்கள் எடைக்குப் போடுவது இவற்றைத்தான். வரைபடம் இல்லாத இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது மிகவும் கடினம்.

பிறகு கேபிள்கள். ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் ஒரே எண் எழுதிய துணி லேபிளைக் கட்டி, கழற்றும் முன் படம் எடுங்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், சில வருடத்தில் பசை மட்டும்தான் மிஞ்சும். கேபிளை வெட்டவே கூடாது.

மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் பவர் சப்ளையின் பெரிய கப்பாசிட்டர்களில் மின்னூட்டம் இருக்கும். 30 வோல்ட்டுக்கு உட்பட்டவற்றை 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டர் வைத்துப் பாருங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்தால் முனை உருகும். எண்ணெய் நிரப்பிய பழைய கப்பாசிட்டர்களில் பிசிபி என்னும் நச்சு எண்ணெய் இருக்கக்கூடும். கசிந்தால் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

உள்ளே இருக்கும் எஸ்எம்எஸ் எனப்படும் மின்சுற்று அட்டைகளை அந்தந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். ஒவ்வொன்றின் அடியிலும் 16 தங்கமுலாம் பூசிய தொடுமுனைகள். அழுக்கு தெரிந்தால் ஐசோப்ரோபில் ஆல்கஹால் தொட்ட பஞ்சு போதும். பென்சில் ரப்பரால் தேய்த்தால் முலாம் போய்விடும், செம்பு கறுக்கும்.

ரப்பர்தான் பெரிய எதிரி. துளையட்டைகளை இழுக்கும் ரப்பர் உருளைகள் காலப்போக்கில் இளகிப் பிசுபிசுவென்று கோந்தாகி அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். உருளைகளின் அளவை எழுதிவைத்துக்கொண்டு கழற்றித் தனியாக வையுங்கள். 1403 அச்சு இயந்திரத்தின் ஹைட்ராலிக் எண்ணெயை லாரியில் ஏற்றும் முன்பே வடித்துவிடுங்கள். காந்த நாடாக்களில் புளிக்காடி வாடை வந்தால் மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள்.

18–20 டிகிரி வெப்பமும் 40–50 சதவீத ஈரப்பதமும் நிலையாக இருப்பது நல்லது. ஏறி இறங்கினால் துரு பிடிக்கும், துளையட்டைகள் வளையும்.

மீண்டும் இயக்க நினைத்தால் அவசரம் வேண்டாம். வேரியாக் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) கொண்டு மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றும் வழக்கம் 1401-க்குப் பொருந்தாது: அதன் பவர் சப்ளையில் உள்ள, மின்னழுத்தத்தை நிலையாக வைக்கும் ஃபெரோரெசனன்ட் டிரான்ஸ்ஃபார்மரில் வெளியீடு ஒரு கட்டத்தில் சட்டென்று எகிறும். கப்பாசிட்டர்களைத் தனியாகக் கழற்றி, மின்னோட்டத்தைச் சில மில்லிஆம்பியருக்குக் கட்டுப்படுத்திய சப்ளையில் பல மணி நேரம் ஏற்றுங்கள். கசிவு மின்னோட்டம் குறைந்துகொண்டே வந்தால் அது தேறும், சூடானால் மாற்றுங்கள். மின்சாரத்தின் அதிர்வெண்ணையும் பாருங்கள். கலிஃபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள 1401-களில் ஜெர்மனியிலிருந்து வந்த ஒன்று 50 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. அங்கே உள்ள 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை மாற்றித்தான் அதற்குக் கொடுக்கிறார்கள்.