அமெரிக்காவில் வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி: கடைக்குப் போவதற்கு முன்னால்

பக்கத்து ஊரில் ஓர் இந்தியக் குடும்பத்தின் வீட்டை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள் என்று செய்தி வந்தால் போதும், வாட்ஸ்அப் குழுவில் யாராவது "ஒரு கன் வாங்கி வைக்கலாமா, எது நல்லது?" என்று கேட்பார். உடனே கிளாக் வாங்கு, ஷாட்கன்தான் பெஸ்ட், ஏஆர்-15 இருந்தால் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான் என்று பதில்கள் குவியும். மாடல் கடைசியாகப் பார்க்க வேண்டிய விஷயம். வாங்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், எங்கே பூட்டி வைப்பீர்கள், இவை மூன்றும் முடிவானால் மாடலைத் தேர்ந்தெடுக்க அரைமணி நேரம்கூட ஆகாது.

முதலில் விசா. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம், டெக்சஸில் இருந்தாலும் சரி, கலிஃபோர்னியாவில் இருந்தாலும் சரி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு என்று ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கேட்காமல் அதை நம்பி இறங்காதீர்கள். தண்டனை 15 வருடம் வரை, அதற்கு மேல் நாடு கடத்தலும் இருக்கிறது. கிரீன் கார்டு வரிசையில் பத்து வருடமாகக் காத்திருந்தாலும் கார்டு கைக்கு வரும்வரை எச்-1பி எச்-1பிதான். கிரீன் கார்டு வந்தவரும் குடியுரிமை பெற்றவரும் தாராளமாக வாங்கலாம். கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்ப வேண்டும், எஃப்பிஐயின் பின்னணிச் சரிபார்ப்பு நடக்கும், அதில் பொய் சொல்வது தனிக் குற்றம்.

"கிரீன் கார்டு உள்ள நண்பன் பெயரில் வாங்கிக்கொள்ளலாமே" என்று யாராவது யோசனை சொன்னால் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள். வைத்திருக்க உரிமை இல்லாத ஒருவருக்காகத் தன் பெயரில் வாங்கிக் கொடுப்பதைத் தண்டிக்கவென்றே 2022இல் தனிச் சட்டம் வந்தது, அதற்கும் 15 வருடம் வரை சிறை. அதேபோல் கணவருக்குக் கிரீன் கார்டு, மனைவி இன்னும் எச்-1பி என்றால், பெட்டகத்தின் எண்ணோ சாவியோ மனைவியிடம் இருக்கக் கூடாது, ஏனென்றால் எடுக்கக்கூடிய நிலையில் இருப்பதையும் "வைத்திருப்பது" என்று சட்டம் பார்க்கலாம். ஊரிலிருந்து ஆறு மாதம் வந்து தங்கும் அப்பா அம்மாவும் வருகை விசாவில்தான் இருக்கிறார்கள். ஆசைக்கு அப்பாவைச் சுடும் பயிற்சிக் கூடமான ரேஞ்சுக்குக் கூட்டிப்போய் நாலு ரவுண்டு சுட வைத்துப் படம் எடுத்துப் போடுவது பாசமாகத் தெரியும், ஆனால் வம்பு.

அப்புறம் மாநிலம். டெக்சஸில் சரிபார்ப்பு முடிந்தால் அன்றைக்கே எடுத்துக்கொண்டு வரலாம். கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி, பத்து நாள் காத்திருக்க வேண்டும். நியூ ஜெர்ஸியில் துப்பாக்கி வாங்குவதற்கென்று ஓர் அடையாள அட்டை, கைத்துப்பாக்கிக்குத் தனி அனுமதி. இல்லினாயில் மாநிலம் தரும் துப்பாக்கி உரிமையாளர் அட்டை இல்லாமல் தோட்டாகூட வாங்க முடியாது. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும்.

இப்போது வீட்டுக்கு வருவோம். இங்கே உள்சுவர் என்பது மரச்சட்டத்தின் இரண்டு பக்கமும் அரை அங்குல ட்ரைவால் (ஜிப்சம் பலகை) அறைந்ததுதான், நடுவில் பெரும்பாலும் வெறும் காற்று. நம் ஊர் செங்கல் சுவரை மனதில் வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். ஓர் ஆளைத் தடுத்து நிறுத்தும் வேகம் உள்ள எந்தத் தோட்டாவும் இந்தச் சுவரில் ஒன்றை இல்லை, இரண்டு மூன்றைத் துளைத்துக்கொண்டு போகும். அதனால் ஒரு காகிதத்தில் வீட்டின் வரைபடத்தைப் போட்டு, உங்கள் படுக்கையறை வாசலில் நின்றால் எந்தத் திசையில் பிள்ளைகள் தூங்குகிறார்கள், எந்தத் திசையில் பக்கத்து வீடு இருக்கிறது என்று குறித்துப் பாருங்கள். டவுன்ஹோமிலோ அபார்ட்மென்டிலோ இருப்பவர்களுக்குச் சுடக்கூடிய திசை ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம். அப்படியானால் உறுதியான கதவு, அலாரம், நாய், வங்கி லாக்கரில் நகை என்று போவதே சரி, அந்தப் பணத்தைத் துப்பாக்கியில் போடாதீர்கள்.

திசை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தேர்வு மூன்று: ஷாட்கன், ரைஃபிள், கைத்துப்பாக்கி. ஷாட்கன் என்பது ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகளை வீசும் நீளத் துப்பாக்கி. விலை குறைவு, மாஸ்பெர்க் 500, ரெமிங்டன் 870 இரண்டும் பல்லாண்டுகளாக உழைத்துப் பெயர் வாங்கியவை. ஆனால் "குறிபார்க்கவே வேண்டாம், பரவலாக அடிக்கும்" என்பது சுத்தப் பொய். ஒரு அறையின் நீளத்தில் குண்டுகள் உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தால் அதிகம். 12 கேஜின் (கேஜ் என்பது குழலின் அளவு, எண் குறைந்தால் குழல் பெரிது) உதை பழகாதவர் தோளைப் பதம் பார்க்கும், பதற்றத்தில் குழலுக்கு அடியில் உள்ள பம்பை முழுசாக இழுத்துத் தள்ளாவிட்டால் அடுத்த தோட்டா ஏறாது. 20 கேஜ் இதைவிடச் சாது. பம்ப் சத்தம் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

ஏஆர்-15 போன்ற ரைஃபிளைக் குறி தவறாமல் சுடுவது உண்மையிலேயே எளிது, உதையும் குறைவு. ஆனால் மூடிய அறைக்குள் அதன் ஓசை காதை நிரந்தரமாகக் கெடுக்கக்கூடியது, பல மாநிலங்களில் தடையோ கடும் கட்டுப்பாடோ இருக்கிறது, நீளமான பொருளைக் குழந்தை கைக்கு எட்டாமல், அதே நேரம் உங்கள் கைக்கு எட்டும்படி பூட்டி வைப்பதும் பெரிய தலைவலி.

கைத்துப்பாக்கிதான் மூன்றிலும் சுடுவதற்குக் கடினமானது. இருந்தும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு நான் அதைத்தான் சொல்வேன், ஏனென்றால் கட்டிலுக்குப் பக்கத்தில் சின்னப் பெட்டகத்தில் அடங்கும், குழந்தையைப் பிடிக்கவும் 911ஐ அழைக்கவும் ஒரு கை மிஞ்சும். 9 எம்எம் தோட்டா, நடுத்தர அளவு, கிளாக் 19 மாதிரி. கைக்கடக்கமான குட்டித் துப்பாக்கி வேண்டாம், சின்னதாக ஆக ஆக உதையும் கூடும், பிடியும் நழுவும். ரிவால்வர் எளிமையானதுதான், ஆனால் அதன் கனமான விசையை (ட்ரிகரை) அழுத்தும்போது புதியவர் கை ஆடிவிடும். தோட்டா ஏற்றக் கைத்துப்பாக்கியின் மேல்பகுதியைப் பின்னால் இழுக்க விரலில் வலு இல்லாதவர்களுக்கென்றே ஸ்மித் அண்ட் வெசன் 2018இல் ஷீல்ட் ஈஸி என்று ஒன்றைக் கொண்டுவந்தது, மூட்டுவலி உள்ளவர்கள் அதைப் பாருங்கள். சட்டப்படி தொடக்கூடிய பெரியவர்கள் இரண்டு பேர் வீட்டில் இருந்தால், கை சின்னதாக உள்ளவருக்குப் பொருந்துவதையே வாங்குங்கள், பெரிய கை சமாளித்துக்கொள்ளும். வாங்கும் முன் ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து இரண்டு பேரும் சுட்டுப் பாருங்கள். கடைக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்துப் பிடித்துப் பார்த்து ஒன்றும் தெரியாது.

பெட்டகத்துக்குத் துப்பாக்கி அளவுக்கே யோசியுங்கள். அலமாரியில் புடவைகளுக்கு அடியிலும் மேல் தட்டிலும் ஒளித்து வைப்பது பூட்டுவது ஆகாது, பிள்ளைகளுக்குத் தெரியாத இடம் என்று வீட்டில் ஒன்று கிடையாது. கைரேகைப் பெட்டகம் வசதிதான், ஆனால் 2023இல் ஏறக்குறைய 61,000 கைரேகைப் பெட்டகங்களைத் திரும்பப் பெற்றார்கள். ரேகையைச் சரியாகப் பதியாத நிலையில் யார் விரல் வைத்தாலும் திறந்தன, 12 வயதுப் பையன் ஒருவன் இறந்தே போனான். நான் பொத்தான் அழுத்தும் இயந்திரப் பூட்டைத்தான் பரிந்துரைப்பேன், பேட்டரி தீரும் கவலையும் இல்லை. எதை வாங்கினாலும் சுவரிலோ கட்டிலிலோ போல்ட் போட்டு இறுக்குங்கள், வேறு விரல்களை வைத்துச் சோதியுங்கள்.

இன்னொன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்பவர்கள். வேலை போய் விசா கெடு நெருங்குகிற பதற்றத்தில் ஒருவர், பள்ளியில் மதிப்பெண் குறைந்து பேச்சைக் குறைத்துக்கொண்ட பதின்வயதுப் பிள்ளை, பிரசவத்துக்குப் பின் மனம் சோர்ந்த தாய், இப்படி ஒருவர் வீட்டில் இருந்தால் இப்போது வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் அதை வீட்டுக்கு வெளியே பத்திரமாக வைக்க வழி தேடுங்கள், சில துப்பாக்கிக் கடைகள் தற்காலிகமாகப் பாதுகாத்து வைத்துக்கொள்கின்றன. தற்கொலைத் தடுப்பு உதவிக்கு 988 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.

தோட்டாவில் இரண்டு வகை வேண்டும்: பயிற்சிக்கு மலிவானது, வீட்டுக்கு முனை குழிந்த ஹாலோ பாயிண்ட் வகை. அது சுவரைத் துளைக்காது என்றில்லை, உடலில் பட்டால் விரிந்து மறுபக்கம் போவது குறையும், அவ்வளவுதான். நியூ ஜெர்ஸிபோல இதற்கே தனி விதி உள்ள மாநிலங்கள் உண்டு. நல்ல கைவிளக்கு ஒன்றும் அவசியம், இருட்டில் தண்ணீர் குடிக்க எழுந்த மகனா திருடனா என்று பார்க்காமல் விசையில் விரல் போகக் கூடாது. சத்தம் கேட்டால் வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போகாதீர்கள். எல்லாரும் ஒரே அறைக்குள் வந்து கதவைப் பூட்டி, 911ஐ அழைத்து, போலீஸ் வரும்வரை லைனிலேயே இருங்கள். நகை போனால் போகட்டும்.

கடைசியாக, ரேஞ்சுக்குப் போகும் பையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், அதை ஊருக்குப் போகும்போது எடுக்காதீர்கள். பையின் ஓரத்தில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டாவால் இந்திய விமான நிலையத்தில் ஆயுதச் சட்ட வழக்கில் மாட்டி, விடுமுறை முழுவதும் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டி வரும்.